சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர்

ஏப்ரல் 15, செவ்வாய்

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்று பந்தக்கால் நாட்டிவிட்டார்கள். அக்காவும் முளைப்பாரி போட்டுவிட்டாள். வீல்சேரில் உட்கார்ந்து மண்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாசிப்பயறு தூவும்போது என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரும்பு ஏணியிலிருந்து விழுந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின் இரண்டு கொடை வந்து போயிற்று. இரண்டுக்கும் வீட்டுக்குள் இருந்தபடியே கொட்டுச் சத்தம் கேட்டாள். அதற்கு முன் வருஷம் தவறாமல் முளைப்பாரி சுமந்தவள்.

"இந்தத் தடவ நானே சொமக்கேன். நீ வண்டியத் தள்ளு."

நானா? தாராவித் தெரு முழுக்கப் பார்க்கவா?

ஏப்ரல் 17

கமிட்டித் தலைவர் பிச்சையா அண்ணாச்சி வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அக்கா சண்முகவடிவு தாராளமாக வளர்க்கட்டும், சுமக்க வேறு ஆள் வரட்டும். முளைப்பாரி சுமப்பவர் செருப்புப் போடக்கூடாது. வீல்சேர் சக்கரமும் தெரு, சாக்கடை எல்லாம் மிதித்து வருவதுதானே, அதுவும் செருப்புக் கணக்குத்தானாம்.

"கோவிச்சுக்கிடாத தாயி. சாமி விசயத்துல லஃப்டா, வம்பு ஒண்ணும் வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. ஏணியிலிருந்து விழுந்த அன்று அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் போனபிறகு அக்கா சட்டிக்குத் தண்ணீர் தெளித்தாள்.

ஏப்ரல் 19

முளை விரல் நீளம் வந்துவிட்டது. இருட்டில் வளர்வதால் வெளிர்மஞ்சள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோயிலில் கூட்டம். டிகிரி வாங்கிவிட்டதால் நான் எங்கேயும் பேசுவேன் என்று அம்மாவுக்கு நினைப்பு, என்னை அனுப்பிவிட்டாள். குர்லா ஆபீஸில் எனக்குச் சாயா வேண்டாம் என்று சொல்லக்கூடக் கூச்சம் — போதும் போதும் என்று மனசுக்குள் சொல்லியே குடித்துவிடுகிறேன்.

பெண்கள் பக்கம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அண்ணாச்சி மைக்கில், சுமக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்றார். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

"செருப்பக் கழத்தச் சொல்லுதிய அண்ணாச்சி. எங்க அக்கா எதக் கழத்தணும்?"

கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்களோ? யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி, கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "ஏட்டி, நீயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, "கழத்தணும்னா அந்த பிரேக்கக் கழத்தச் சொல்லு. இறுகிப்போய்க் கெடக்கு."

ஏப்ரல் 21

பதில் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதில் வராமலேயே கிளம்பினோம். அக்கா இரண்டு கையாலும் சட்டியைத் தலையில் பிடித்துக்கொண்டாள். நான் தள்ளினேன்.

முளைப்பாரி போகிற வழியில் வீட்டுக்கு வீடு சுமப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் வீடு அண்ணாச்சி வீடு. அவர் மனைவி கோமதியம்மாள் குடத்தோடு நின்றிருந்தார், பக்கத்தில் அண்ணாச்சி. எங்கள் முறை வந்தபோது கொட்டு நின்றுவிட்டது.

கோமதியம்மாள் அக்காவின் பாதத்தில் ஊற்றினார். பிறகு குனிந்து ஒரு சக்கரம். சுற்றி வந்து மற்றது. முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்களையும் விடவில்லை. நிமிர்ந்து கணவரிடம் சொன்னார்:

"சண்முகவடிவு காலக் கழுவியாச்சு. கொட்ட அடிக்கச் சொல்லுங்க."

அண்ணாச்சி ஈரச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார், கொட்டு மறுபடி எழுந்தது.

அதற்குப்பின் எல்லா வீட்டிலும் சக்கரத்துக்கும் ஊற்றினார்கள். கோயில் படியில் வண்டியைத் தூக்கியபோது ஒரு பக்கம் அண்ணாச்சி பிடித்தார். அக்கா குலவை போட்டாள், மற்றவர்களைவிட நீளமாக.

தெரு என்னைப் பார்த்ததா? கவனிக்க மறந்துபோனேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆபீஸிலிருந்து வந்ததும் அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் இருந்தன. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அண்ணாச்சி உள்ளே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

நான் சொம்பை எடுக்கப் போனேன். அக்கா வாங்கிக்கொண்டாள். குனிந்து, முதலில் வலது சக்கரம், பிறகு இடது — கால் கழுவுகிற மாதிரியே.