கண் வைத்த முட்டைகள்

அன்புள்ள சஞ்சீவனிக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையும் எப்படி? ஹேவாஹெட்டவில் இருந்து கண்டிக்குக் கிளினிக் போகும்போது பஸ்ஸில் முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்.

இங்கே நோர்வேயில் நான் பார்த்துக்கொள்ளும் சால்மன் மீன் முட்டைகள், தட்டுத் தட்டாகக் குளிர்ந்த தண்ணீரில் கிடக்கின்றன. லேசாக அதிர்ந்தாலும் செத்துவிடும் என்று ஒரு மாதமாகத் தொடவே விடவில்லை. திங்கட்கிழமை மேலாளர் இங்ரிட் தன் மொழியில் சொன்னதைப் போனில் தமிழுக்கு மொழிபெயர்த்துக் காட்டினார்: "முட்டைகளுக்குக் கண் வைத்தாகிவிட்டது."

எனக்குப் பகீரென்றது. "எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ" என்று, நீ கொடுத்துவிட்ட காய்ந்த மிளகாயில் மூன்றை எடுத்துத் தட்டுகளுக்குச் சுற்றி, வேலையிடத்துச் சமையலறை அடுப்பில் போட்டேன். நெருப்பு மணி அலறி, எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பயப்படாதே, வேலை போகவில்லை.

இங்ரிட் சிரித்து முடித்து, ஒரு முட்டையை விளக்கடியில் காட்டினார். உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள்! அவை தெரிந்துவிட்டால் முட்டை கெட்டிப்பட்டுவிட்டதாம், இனித் தூக்கிப் போகலாமாம். கடுகளவு கண், சஞ்சீவனி. அந்தக் குளிரில் கிடந்தபடியே உண்டாகி, என்னையே பார்த்தது. அசந்துபோய் நின்றேன்.

அடுத்த ஸ்கேனில் பிள்ளையின் முகம் தெரிந்தால் படம் அனுப்பு. மிளகாயும் கொஞ்சம் அனுப்பு, சமைக்கத்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லிச் சிரிக்காதே. தினமும் கதவைத் திறக்கும்போது அந்த முட்டைகளிடம், "அப்பா வந்துட்டேன்" என்கிறேன்.

உன்
மோகனராஜ்