பாஞ்சாலை முன்னால் நடந்த வரிசை

மரக்காணம்
வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடித்தது

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு உன் அப்பா தனக்கோடி தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அதேபோல் நீயும் டெல்லியில் இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று நீ போனில் சொல்வதை நான் நம்புவதில்லை, அதனால் எழுதி அனுப்பு, இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். பெரியவர்களுக்கு நடத்தும் மாலை வகுப்பில் சகாயசெல்வி டீச்சர் என்னைத்தான் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். பாண்டிச்சேரி போகும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பலகை எல்லாம் படித்துக்கொண்டே போனேன், கீழ்புத்துப்பட்டு என்பதை நான் படித்து முடிப்பதற்குள் பேருந்து ஊரையே தாண்டிவிட்டது. இருந்தாலும் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன் பார், அந்தச் சந்தோஷத்தில் இறங்கும் இடத்தையும் விட்டுவிட்டேன்.

உன் படிப்பைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. பெண்களின் பக்கம் நின்று நியாயத்தையும் தலைமையையும் படிக்கிறேன் என்று நீ சொன்னாய். அதற்கு உதவித்தொகை வேறு தருகிறார்கள் என்றாய். சும்மா யார் தருவார்கள், பதிலுக்கு உன்னிடம் என்ன கேட்பார்கள் என்று விசாரித்து வை. முடியையும் வெட்டிக்கொண்டாயாமே, அதுவும் படிப்பில் சேர்த்தியா. ஒரு காரியத்தை நல்லது என்று யார் சொன்னாலும் அதற்கான சுமை யார் தலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதுதான் பாடம் என்று நீ சொன்னது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. உப்புப் பாத்தியில் நிற்கிறபோதெல்லாம் அதுவே நினைவுக்கு வருகிறது. இன்னொன்றும் கேட்கிறேன், போன வாரம் நீயும் அம்மாவும் போனில் வெகுநேரம் பேசினீர்கள், நான் உள்ளே வந்ததும் அவள் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அன்று என்ன பேசினீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் மேஸ்திரி சிவஞானம் பெரிய முதலியார்சாவடிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்துக்கு உன் அம்மாவை வைக்கிறேன் என்று பாத்தியைக் குத்தகை எடுத்திருக்கும் கண்ணாயிரம் முதலாளி என்னிடம் வந்து சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை, டீக்கடையில் என்னிடம் சொன்னார். பொம்பளைங்க முன்னுக்கு வரணும்பா, காலம் மாறிப்போச்சு என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொங்கலில் இருந்து பெண்கள் எல்லாம் குடிதண்ணீரும் ஒரு கழிப்பறையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கேட்பதில் முதல் குரல் உன் அம்மாவுடையது. கேட்கிறவளையே மேஸ்திரி ஆக்கிவிட்டால் இல்லை என்று சொல்லும் வேலையும் அவள் தலையில்தானே விழும். வேண்டாம் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். உங்கிட்ட கேக்கலியே என்று சொல்லிவிட்டு அவள் ஒத்துக்கொண்டாள். அவளைக் கைக்குள் போட்டுக்கொண்டார்களோ என்று அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பைச் சுமந்துகொண்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், யாரும் யாரையும் தாண்ட முடியாது என்பது உனக்கே தெரியும். முன்னால் போகிறவள் நடைதான் எல்லாருக்கும் நடை. சிவஞானம் எப்போதும் வேகக்காரி பூஜாவை முன்னால் விடுவார், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள், அப்படி ஓடித்தான் பாஞ்சாலை அக்கா போன வருஷம் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டது. உன் அம்மா மேஸ்திரி ஆன முதல் நாளே அந்தப் பாஞ்சாலையை முன்னால் நிறுத்திவிட்டாள். வரிசை எறும்பு போல ஊர்ந்தது. அவங்க மெதுவா போனா எங்க கழுத்து என்னாவறது அத்தே, பாரம் ரொம்ப நேரம் இருக்குதே என்று பூஜா கத்தினாள், அதுவும் நியாயம்தான். உடனே அம்மா கூடை நிரப்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, இனிமே கொறச்சி அள்ளு, கூடை வழிய அள்ளாதே என்று எல்லார் எதிரிலும் உத்தரவு போட்டாள். குறைத்து அள்ளினேன். சாயங்காலம் குவியல் குறைந்துதான் இருந்தது, கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் யாரும் விழவில்லை. இவள் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்துப் பதவியை விட்டு வரப் பார்க்கிறாளா, இல்லை இதுதான் அவள் வேலையா என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று கண்ணாயிரம் வண்டியில் வந்து இறங்கினார். குவியலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அவளை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். ஏம்பா தனக்கோடி, உம் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் சொல்லி வை, பதவி குடுத்தது வேலை நடக்கத்தான், வரிசைய மாத்தறதுக்கு இல்ல என்றார். சுமையோடு பெண்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். சரிங்க முதலாளி என்று சொல்லியே பழகிய வாய் என்னுடையது, அது அப்போதும் திறந்தது. ஆனால் வந்தது வேறு. மேஸ்திரி அதோ நிக்கறாங்க, அவங்களையே கேளுங்க என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு வந்து பூஜா கூடையையே ஆட்டிவிட்டாள், மாமா, பொண்டாட்டிக்கு வந்த மரியாதையப் பாரு என்றாள். உன் அம்மா நிதானமாக வந்து, வரிசை இப்படித்தாங்க போவும், புடிக்கலன்னா வேற ஆள வச்சிக்குங்க, தண்ணியும் கக்கூஸும் எப்பன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க என்றாள். பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாக்கலாமில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளை திங்கட்கிழமை பாத்தியில் அவளை மேஸ்திரியாக வைத்திருப்பாரா, வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவாரா, தெரியாது. யார் வந்தாலும் பாஞ்சாலை அக்காவுக்குப் பின்னால்தான் நடப்போம் என்று பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். பூஜாவும் அதற்கு ஒத்துக்கொண்டாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நேற்று ராத்திரி அம்மா என் சோற்றில் ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டுவிட்டேன்.

எந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் பயமில்லாமல் பேசும்படி நீ நன்றாக இரு, உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும். ராத்திரி தனியாகப் போகாதே, உதவித்தொகைக்காரர்களை விசாரிக்க மறக்காதே. பதிலைப் பெரிய எழுத்தாக எழுது, எழுத்தை ஒன்றோடு ஒன்று ஒட்டாதே. அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் படிக்கப் போகிறேன், அதை நினைத்துக்கொண்டு எழுது.

இப்படிக்கு
மேஸ்திரி அம்சவள்ளியிடம் கூடை நிரப்பும்
உன் அப்பா
தனக்கோடி