விண்வெளிக் காப்பு

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

நான் சௌக்கியம், இருமல்கூட விட்டுவிட்டது. நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, கையில் காந்தக் காப்பு போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். நான் இருக்கும் ஊர்ச் சரக்கு என்று டப்பாவில் பார்த்துத்தான் வாங்கினீர்களாம். அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா, அந்தக் காப்பை டப்பாவில் அடைப்பதுதான் என் வேலை. ‘விண்வெளி வீரர்கள் அணிவது’ என்ற சீட்டை ஒட்டுவதும் நான்தான்.

போன வாரம் ராக்கெட் கிளம்பியதை எங்களுக்கு டிவியில் காட்டினார்கள். இத்தனை செலவு செய்து மனிதனை மேலே அனுப்பி என்னத்தைக் கண்டார்களோ! வீரர் கையுறை மாட்டும்போது பக்கத்து மேசைக்காரர், “அவரு கையில நம்ம காப்பு இருக்கா, பாருங்கப்பா!” என்றார். வெறும் கைதான். சூப்பர்வைசரே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடருங்கள். போர்வை இங்கேயே கிடைக்கிறது. இருந்தாலும் போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றை அனுப்பி வையுங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. காப்பைக் கழற்ற மனம் வராவிட்டால் கையிலேயே இருக்கட்டும். அதில் மருந்து எதுவும் இல்லை அப்பா. என் கை பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகன்