உன் மாமியாரிடம் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் மூன்று வாக்கியம் சொல்வதற்குள் "சரிம்மா, வைக்கட்டுமா?" என்று வந்துவிடுகிறது, கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, தானே சரிசெய்ததாக அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்தது மட்டும்தான் அவர், மற்றதெல்லாம் பிளம்பர். மாடி அறையில் நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி மேசைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க, பொறுமையாகப் படி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உன் மாமியாரின் டிபன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது, கூப்பிட்டேன், பதில் இல்லை, உள்ளே ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் சம்பந்தியம்மா சுழல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "பாறை மாப்ளே பாறை! பாயை இறக்குங்க, என் உசுரை வாங்காதீங்க!" என்று கத்திக்கொண்டிருக்கிறார். மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில் நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரிக்கும் அந்தச் சிரிப்பு. நீ இங்கிருந்து கிளம்பிப் போன பிறகு அதை நான் கேட்கவே இல்லை. என்னிடம் பேசும்போது "சாப்டியா", "சாப்டேன்", "வேலை எப்படி", "போகுது", அவ்வளவுதான் நம் பேச்சு. அங்கே இரண்டு மணி நேரம் ஓடுகிறதாம். சம்பந்தியம்மா கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது மகள் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் படகு விளையாட்டாம், மகளுக்கு இப்போது சனிக்கிழமை வேலை என்பதால் மாப்பிள்ளையோடு ஆடுகிறாராம். எனக்கும் ஒரு கால் முறிந்திருக்கலாமோ என்று நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, "உங்க பையனுக்கு எவ்ளோ பொறுமை தெரியுமா சம்பந்தி? நான் படகை எத்தனை தடவை முட்டினாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்" என்றார். என் பிள்ளையின் பொறுமையை எனக்கே அறிமுகம் செய்கிறார். டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன், அதில் நான் போட்டு எடுத்துப்போன பலகாரத்தைப் பற்றிச் சொல்லக்கூட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கம்ப்யூட்டரில் அதே படகு விளையாட்டை ஏற்றினேன். நோட்டுப் புத்தக ஓரத்தில் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் பொம்மை வரைந்து, வேகமாகப் புரட்டி ஓட வைப்பார்களே, அதை ஒவ்வொரு தாளாக எச்சில் தொட்டுப் புரட்டினால் எப்படி இருக்கும், அப்படி வந்தது கடல். ஒரு அலை எழும், யோசிக்கும், அப்புறம் விழும். விசாரித்துப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதற்கு ஒரு வாத்தியார் இருக்கிறார். நம் கம்ப்யூட்டரில் ஓவிய வகுப்பையும் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள், பாவம், எவ்வளவுதான் செய்வார். தனியாக ஒரு ஓவிய வாத்தியாரைப் போட்டால் கடல் கடலாக வரும். அந்த ஓவிய வாத்தியார்தான் கிராபிக்ஸ் கார்டு. அதன் மெமரி என்பது அவர் காகிதத்தைப் பரப்பி வைக்கும் மேசை. மேசை பெரிதாக இருந்தால் நல்லதுதான், ஆனால் வரைவது கை, மேசை அல்ல. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது, வாங்கப் போன அன்று தெரிந்திருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது, அங்கேதான் போனேன். கடைக்காரர் "பேரனுக்காம்மா?" என்றார். எனக்கு என்றேன், ரிட்டயர்டு டீச்சர் என்றும் சொல்லிவைத்தேன். மனிதர் நல்லவர், சிரிப்பைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். என்ன விளையாட்டு, மானிட்டர் எவ்வளவு பெரிது, கேபினட்டுக்குள் எவ்வளவு இடம், உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை எத்தனை வாட் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஆறு ஜிபியைவிட அதிகமாக என்ன இருக்கிறது என்று. உன் மாமியாரிடம் இருப்பது ஆறு, டப்பா கொடுக்கப் போன அன்று அவரே சொன்னார், சொல்லும்போது கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கண்ணாடி வழியாக அது உள்ளே நகைக்கடை மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒற்றை விசிறி வைத்த சின்ன கார்டு ஒன்றை எடுத்து வைத்து, "உங்க பழைய மானிட்டருக்கு இது போதும் டீச்சர், நாலு ஜிபிதான், ஆனா தனியா கரண்ட் வயர்கூட வேண்டாம், சொருகினா வேலை முடிஞ்சுது" என்றார். நாலு! அவருக்கு ஆறு, எனக்கு நாலா? அலமாரியின் மேல்தட்டில் யாரோ ஆடிவிட்டு விற்ற பழைய கார்டு ஒன்று இருந்தது, எட்டு ஜிபி, செங்கல் கனம். அதுதான் வேண்டும் என்றேன். "அது கரண்டை நிறைய குடிக்குமே, உங்க சப்ளை தாங்குமா பாக்கணுமே" என்று அவர் இழுத்தார். பிள்ளைகளிடம் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதே, எந்தப் பாடத்தில் என்ன என்று பார் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவள், அன்றைக்கு ஒரே ஒரு எண்ணைப் பார்த்து எட்டுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இன்வெர்ட்டரா?" என்றார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். போன சனிக்கிழமை உங்கள் படகில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று காலியாக விட்டிருந்த இடத்தில் தண்ணீர்க்குடம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் ஏறினாரே, வாய் திறக்காமல் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துவிட்டு நடுக்கடலில் மாயமாய்ப் போனாரே, அது நான்தான். உனக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்றுதான் சொல்லாமல் ஏறினேன். ஏறிய பிறகு, சொல்லாமலே கொஞ்ச நேரம் இருந்து பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. உன் மாமியார் என்னை அண்ணே என்று கூப்பிட்டார். "குடம் அண்ணே, பராக்குப் பாக்காதீங்க, கீழே ஓட்டை!" என்று அதட்டினார், நிஜத்தில் ஒருநாளும் என்னை அப்படி அதட்டியிருக்க மாட்டார். நீயோ, "குடம் நல்லா இறைக்கிறார் அத்தை, பேசத்தான் மாட்டேங்கறார்" என்றாய். நான் நன்றாகச் செய்கிறேன் என்று உன் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று, அதுவும் யாரோ ஒரு குடத்துக்குக் கிடைத்தது. அப்புறம் காற்று அடங்கி, படகு மெதுவாகப் போனபோது நீ பேச ஆரம்பித்தாய். வேலை போய்விட்டதையும், இரண்டாவது இன்டர்வியூவும் கைவிட்டுப் போனதையும் சொன்னாய். அத்தை, "குடுத்து வெக்கல அவங்களுக்கு, விடுங்க மாப்ளே. காத்து திரும்புது, பாயை மாத்துங்க" என்றார். அதற்கு நீ, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா முகம் மாறும். அதை என்னால பாக்க முடியாது" என்றாய். நான் வாளியோடு அங்கேயே நின்றேன். உங்கள் காலடியில் தண்ணீர் ஏறியது, அத்தை கத்தினார், எனக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றே மறந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் புயல் வந்தது, திரை நிறைய அலை, மின்னல், படக்கென்று கம்ப்யூட்டரே அணைந்துபோனது. திரும்பப் போட்டேன், படகு திறக்கும்போதே மறுபடி அணைந்தது. ஆகவே நான் ஓடிப்போகவில்லை, அத்தை என்னைத் துரோகி என்று திட்டியிருந்தால் அது தவறு என்று நீயாவது தெரிந்துகொள்.

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேனே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். சின்னத் தொட்டியிலிருந்து இரண்டு குழாயை ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்த மாதிரி, புயல் வந்தால் அந்த எட்டு ஜிபி மொத்தக் கரண்டையும் இழுக்கிறது, பவர் சப்ளை பயந்து கையை உதறிவிடுகிறது. முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முதலில் காட்டிய அந்த நாலு ஜிபியையே மாட்டிக் கொடுத்தார். படத்தின் தரத்தை நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார், வைத்தேன். தூரத்து மலை கொஞ்சம் மங்கல், கண்ணாடி போடாமல் பார்ப்பதுபோல. ஆனால் அலை நிற்காமல் வருகிறது, புயலில் அணைவதில்லை, இரண்டு நாள் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். உன் மாமியாரின் திரையில் மீன் செதில் வரைக்கும் தெரிகிறதாம். தெரியட்டும்.

கோபமா என்று கேட்டால், உன்மேல் இல்லை. சம்பந்தியம்மாமேல் என்று சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை, அவர் சொன்ன பதில் நல்ல பதில், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நானாக இருந்தால் எந்தக் கேள்வியில் தடுமாறினாய், என்ன பதில் சொன்னாய் என்று ஆரம்பித்திருப்பேன். அத்தைக்கு ஒரு வசதி, படகில் அவர் முகம் உனக்குத் தெரியாது, நீயும் கடலைப் பார்க்கிறாய், அவரும் கடலைப் பார்க்கிறார், பேச்சு அதன் பாட்டுக்கு நடுவில் போகிறது. வீடியோ காலில் என் முகம் மட்டும்தான் உனக்குத் தெரிகிறது, அதுவும் மூக்குக்கு மிக அருகில். வகுப்பில் எதிரே நிற்க வைத்துக் கேட்டால் வாய் திறக்காத பையன், பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டால் எல்லாம் சொல்வான், இது எனக்குத் தெரிந்த பாடம்தான், வீட்டில் நடத்தாமல் விட்டுவிட்டேன். அப்பாவிடம் வேலை விஷயம் சொல்லவில்லை, நீ சொல்லும்போது தெரிந்துகொள்ளட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இன்டர்வியூவுக்கு முதல் நாள் சீக்கிரம் படுத்துவிடு. மருமகள் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறாள், வீட்டில் இருக்கும் நாளில் பாத்திரத்தை நீ கழுவி வை, அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

நல்ல வேலை உன்னைத் தேடி வந்து சேரட்டும், நீங்கள் இருவரும் நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்கு அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. குடம் யார் என்று உன் மாமியாரிடம் சொல்லாதே. எவ்வளவோ விஷயம் உங்கள் இருவருக்கும் இருக்கிறது, இது ஒன்று நம் இருவருக்கு மட்டும் இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை குடம் படகில் ஏறும், மைக்கும் வாங்கிவிட்டேன். அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து போவார் அல்லவா, அப்போது அந்த வேலை விஷயத்தை எனக்கும் ஒருமுறை சொல். நான் முதல்முறை கேட்பதுபோலக் கேட்பேன். முகம் மாறினால் மாறட்டும், நீ பாயைப் பார்த்துக்கொண்டிரு, நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா