பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாலு சாக்கு

மார்ச் 4

குருவிக்கு ஒன்றரை வயது ஊசி போட்டாயிற்று. ஊரையே கூட்டினாள். அம்மா தூக்கிவந்து அந்தப் பழைய மெத்தையில் போட்டதும் கப்சிப். பெற்றவள் வேண்டாம், மெத்தை போதும் என் மகளுக்கு.

நிமிர்ந்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "வயசாச்சுடி." ஐம்பத்தாறு ஒரு வயசா?

மார்ச் 12

எக்ஸ்ரேயில் அம்மாவின் வலது நெஞ்சில் நீர். ஸ்கேன் வேண்டுமாம்.

மார்ச் 13

மேட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனி தன் அதிகாரிகளுக்காகக் கட்டியது. ஆலைத் தூசி வீசாத பக்கமாய்ப் பார்த்துக் கட்டியிருக்கிறான். தூசி வந்து விழும் பக்கத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள்.

கவுண்டரில் கேட்டார்கள். "அம்மாவோட ஆலை நம்பர்?"

"அம்மா வேலைக்குப் போகல. அப்பாதான்."

"அவங்க பேர்லயே நம்பர் இருந்தாத்தாம்மா இங்க. டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க."

டவுன் ஏழு மணி நேரம். கொடி மாறியும் பல வருஷம் முதலாளி மாறவில்லை. ஆலையை மூடியே இருபது வருஷம் ஆகிறது. அவன் போட்ட நம்பர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏப்ரல் 2

டவுன் டாக்டர் என் வயதுப் பெண். அம்மாவிடம் என்ன வேலை என்று கேட்கவில்லை. "வீட்டுக்காரர் சட்டையை யாரும்மா துவைச்சது?"

"நான் துவைக்காம பக்கத்து வீட்டுக்காரியா வந்து துவைப்பா?"

"உதறித்தான் துவைப்பீங்களா?"

"உதறாம? பஞ்சு பஞ்சா வெள்ளையாக் கொட்டுமே!"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆலைச் சாக்கு ஏதாவது வீட்டுக்கு வந்துச்சா?"

அம்மாவுக்குப் பெருமை. "பிள்ளை பெத்த வீட்டுக்கு நாலு சாக்கு. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். கெட்டிச் சாக்கு டாக்டரம்மா! இவ பொறந்தப்ப உள்ள வெச்சுத் தச்ச மெத்தை, இப்ப என் பேத்தி படுக்கறா."



ஸ்கேன் முடிவு வந்த பிறகு டாக்டர் வராந்தாவில் என்னிடம் மட்டும் சொன்னார். கல்நார்த் தூசி, அதாவது ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலைச் சுற்றிய உறையில் புற்று. "முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுத்தான் காட்டும்."

எனக்கு இருபத்தொன்பது.

ஏப்ரல் 3

மெத்தையைப் பற்றி டாக்டர் சொன்னது: எரிக்காதே, உதறாதே, பிரிக்காதே. நனைத்து இரண்டு பைக்குள் கட்டு. அப்படியே செய்தோம், என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற ஊற்ற. ஓரத்தில் தையல் விட்ட இடத்தில் கம்பெனியின் நீல முத்திரை தெரிந்தது. குருவி தூக்கம் வரும்வரை விரல் விட்டு நோண்டுகிற இடம் அது. பிறகு அதே விரலைச் சப்புவாள்.

அம்மாவிடம் மூட்டைப்பூச்சி என்று சொல்லிவிட்டேன்.

"என் மெத்தைலயா? மூட்டைப்பூச்சியா?" — முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 9

குருவி மெத்தை கேட்டு அழுகிறாள். அம்மா என்னோடு பேசுவதில்லை.

வாரம் தவறாமல் அதை வெயிலில் போட்டுத் தட்டியது யார்? நான்தான். குருவியை இடுப்பில் வைத்துக்கொண்டு. சுத்தமாம், சுத்தம்.

தேடித் தேடிப் படித்தேன். நான் பிறப்பதற்குப் பல காலம் முன்பே அந்த வெள்ளைக்காரன் நாட்டு ஆலைகளில் இந்தத் தூசிக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே அடக்கிய தூசியை இங்கே தொட்டிலுக்குக் கொடுத்தான். தெரிந்தேதானே கொடுத்தான்? யாரைப் போய்க் கேட்பது?

ஏப்ரல் 21

அம்மாவே கேட்டாள். "மூட்டைப்பூச்சி இல்லதானே?"

"இல்லம்மா."

"எனக்கு வந்ததும் அதானா?"

"அப்பா சட்டையும்தான்மா."

"வரிசைல நின்னேன்டி, பச்சை உடம்போட. மூணுதான் குடுத்தான். என் பிள்ளைக்கு மட்டும் என்ன குறைச்சல்னு சண்டை போட்டு நாலாவதை வாங்கினேன்."

ஏப்ரல் 22

எழுத முடியவில்லை.

மே 8

அம்மா குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்துகிறாள். "உன் வீட்டுல சாக்கு மெத்தை இருக்கா? தொடாத. முதல்ல நனை." ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு. எதிர்வீட்டு அக்கா, "கிழவிக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்றாளாம். "பிடிக்கட்டும், நீ நனைடி" என்று அம்மா.

ஜூன் 17

குருவியின் தடுப்பூசி அட்டையில் மெத்தை விஷயத்தை எழுதச் சொன்னேன். நர்ஸ் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "அதுக்கெல்லாம் கட்டம் இல்லீங்களே."

வீட்டில் சொன்னேன். "கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுது" என்றாள் அம்மா. எழுதினேன்: பிறந்ததிலிருந்து ஒன்றரை வயது வரை கல்நார்ச் சாக்கு மெத்தையில் தூங்கியவள். பெரியவளானாலும் நெஞ்சைப் பார்க்கவும்.

செப்டம்பர் 14

எதிர்வீட்டு அக்கா வந்தாள், மூன்று பிள்ளைகளின் அட்டையோடு. "உங்கம்மா சொன்னாப்ல ஓரத்துல எழுதிக் குடும்மா." அம்மா இறந்த பிறகும் குழாயடி நாற்காலியை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.

அக்கா கிளம்பியதும் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். பழைய புடவைகளுக்கு அடியில் என் சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து. இதை வைத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

ஓரத்தில் புது மையில், கோணல் மாணலாக, அம்மாவின் எழுத்து.

இவளையும் பாருங்க.