ஐந்தடி ஆழத்தில் என் அடுப்பு

அனுப்புநர்:
மயிலம்மாள், வயது 54,
காலஞ்சென்ற மருதை மனைவி,
கீழத்தெரு, கொள்ளிடம் வடகரை,
ஸ்ரீரங்கத்துக்கு எதிர்க்கரை.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த நிலத்தில் கட்டடம் கட்ட வேண்டாம் என்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை யாரையும் வைத்து எழுதவில்லை, என் கைப்பட எழுதுகிறேன். ஆற்றோர நிலத்தைப் போன தையில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தவளும் நானே, இப்போது வேண்டாம் என்கிறவளும் நானே. புத்தி பேதலித்துச் சொல்லவில்லை.

2. 1924, ரக்தாட்சி வருஷம். கல்யாணமாகி மூன்று மாதம். ஆடிக்கு என்னை வையம்பட்டிக்குத் தாய்வீட்டார் அழைத்துப் போயிருந்தார்கள். அதனால் பெருவெள்ளத்தை நான் பார்க்கவில்லை. ஆவணியில் திரும்பினால் வீடில்லை, தெருவில்லை, எங்கும் மணல். எதிர்க்கரையில் கோபுரங்கள் மட்டும் நின்றன. வீடிருந்த இடம் ஆற்றுக்குள் போய்விட்டதென்று மாமனார் கையைக் காட்டினார். முப்பத்தாறு வருஷம் அதையே நம்பினேன்.

3. போன புதன்கிழமை, நான் கொடுத்த அந்த நிலத்தில் பள்ளிக்கூடத்துக் கிணற்றை வெட்டும் வீரமலை ஆளனுப்பினார். ஏணியில் இறங்கினேன். ஐந்தடி ஆழத்தில், குழியின் பக்கவாட்டில் பாதி தெரிந்தது ஓர் அடுப்பு. புகுந்த வீட்டில் நான் போட்ட முதல் அடுப்பு, ஐயா. பானை உட்காரும் குமிழ் ஒன்று கோணலென்று மாமியார் சிரித்தார்கள். ஈரத்தில் அழுத்தி நிமிர்த்தினேன். அந்தப் பெருவிரல் பள்ளம் ரேகையோடு அப்படியே இருக்கிறது. உள்ளே சாம்பல்கூட இருக்கிறது.

4. அடுப்பின்மேல் பருமணல், அதன்மேல் பொடிமணல், அதன்மேல் வழவழப்பான வண்டல். அரிசி களையும்போது கல் முதலில் தங்குவதுபோல ஆறு தரம்பிரித்து வைத்திருக்கிறது. அடுப்புக்குக் கீழும் அதே வரிசை. ஒன்பதடியில் கரியும் தடித்த சட்டி ஓடுகளும்; யாரோ ஒருத்தி சமைத்த இடம். அவளுக்குக் கீழும் மணல். பதினான்கு அடிக்குள் நான்கு வெள்ளம் எண்ணினேன். எந்தக் காலத்து ராசாத்தியோ, அவள் அடுப்புக்கு மேலே தெரியாமலே என் அடுப்பைப் போட்டிருக்கிறேன். குழிக்குள் நின்றபடியே கைகூப்பினேன்.

5. "மணல் சுத்தமா இருக்கும்மா, தண்ணி ருசியா வரும், கட்டடமும் கல்லாட்டம் நிக்கும்" என்றார் கட்டட வேலை பார்க்கும் ஓவர்சியர். இங்கே வெள்ளம் வந்ததாக ரிக்கார்டு இல்லையாம். அவ்வளவு சுத்தமான மணலை இங்கே கொண்டுவந்து போட்டது யாரென்று அவர் கேட்கவில்லை.

6. ஆடியில் பள்ளிக்கூடம் நடக்கும். அறுபது பிள்ளைகள் உட்காருவார்கள்; என் பேத்தி செல்லக்கிளிதான் முதல் பேர். ஆடியில் போய் இருக்க எனக்கு ஒரு தாய்வீடு இருந்தது. பிள்ளைகள் எங்கே போவார்கள்?

7. வடக்கே உள்ள என் மேட்டுக்கொல்லையை மாற்றாகத் தருகிறேன். அங்கேயும் வீரமலையை விட்டுப் பத்தடி தோண்டிப் பார்த்துவிட்டேன். செம்மண்ணும் சரளையுமே, ஆற்றுமணல் ஒரு பிடி இல்லை. பழைய இடத்தில் நாட்ட என் வீட்டுக்காரர் பெயர் வெட்டிய கல் தயாராக இருக்கிறது. வாயால் சொல்லாத பெயரைக் கல்லில் பார்க்க ஆசைப்பட்டேன். அவசரமில்லை, கல் காத்திருக்கும்.

8. வருகிற வெள்ளிக்கிழமை கிணற்றுக்கு உறை வளையம் இறக்கிக் குழியின் பக்கங்களை மூடிவிடுவார்கள். அதற்குமுன் தாங்களே வந்து இறங்கிப் பார்க்க வேண்டுகிறேன். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்ததால் எந்தப் பத்திரத்திலும் ரேகை வைக்காதவள் நான். இதில் மட்டும் வைத்திருக்கிறேன். மனுவைக் கையோடு கொண்டுவந்து அடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடம்: கொள்ளிடம் வடகரை
நாள்: 9-5-1960

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ம. மயிலம்மாள்
(வலது பெருவிரல் ரேகை)