நாலாவது தப்பு

ரிங்லெட் மேலே, தேயிலை எஸ்டேட் லயம்
ஜப்பான்காரன் கணக்கில் வருசம் 2603, மார்கழி

அன்புத் தம்பி தங்கையாவுக்கு, பக்கத்து வீட்டு இருளப்பன் எழுதுவது. உன் பெண்சாதியும் பிள்ளையும் இங்கே உயிரோடு இருக்கிறார்கள், நீயும் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். இதை முதல் வரியாகப் போடச் சொன்னவள் இராசம்மா. அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

ரிங்லெட் சாப்பாட்டுக் கடை சேக் தாவூத்தைச் சயாம் முகாமில் சமையலுக்கென்று பிடித்திருக்கிறார்கள். நாளைக் காலையில் தாப்பாவுக்கு லாரி ஏறுகிறார். கடிதத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொள்கிறேன், ரயில் பாதை வேலையில் தங்கையா எந்த முகாமில் இருந்தாலும் தேடிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனுசன், செய்வார்.

உனக்குப் பெண் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. உன் ஆத்தா பெயரையே, மணியம்மா என்று வைத்திருக்கிறாள். மூக்கு அப்படியே உன்னுடையது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு போடச் சொல்லிவிட்டார்கள். இராசம்மாவுக்குப் பால் பற்றவில்லை. அதை எழுத வேண்டாம், அவர் கவலைப்படுவார் என்றாள். நான் எழுதிவிட்டேன்.

இப்போது அவள் பிள்ளையைக் குளிப்பாட்டப் போயிருக்கிறாள். இனி வருவது நான் சொல்வது.

வைகாசியில் நடந்த அந்தக் கூடைப்பந்துப் பந்தயத்துக்கு முன்னால் நாகரத்தினமும் நானும் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. பழைய துரை நட்டுவிட்டுப் போன இரண்டு கம்பம், கொழுந்துக் கூடையின் அடியை அறுத்து நாம் கட்டிய வளையம். அதற்கே கட்டிப் புரளாத குறை. இடித்து ஆடினால் நம் ஆள்தான் குறையும், நாலு தப்பு செய்தவன் வெளியே போய்விடுவான், பாரம் மற்றவன் தலையில் விழும் என்றான் அவன். போடா பயந்தாங்கொள்ளி, முழங்கையைத் தூக்கினாலே எதிராளி ஒதுங்குவான், அதிலேயே பாதி ஜெயம் என்றேன் நான். ஜெயிக்கிற எஸ்டேட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி என்று ஜப்பான் அதிகாரி சொல்லியிருந்தான். அரிசி என்றதும் எல்லாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நீ மட்டும் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு இடிச்சு ஆட வராது லா. நான் வெளிய ஒக்காந்துக்கிறேன்" என்றாய்.

முதல் பாதியில் நாம்தான் முன்னால் இருந்தோம். இடித்தது பலித்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனேன். ஊதல் வைத்துத் தப்பு பார்த்த நம் எஸ்டேட் கணக்குக் கிராணி என் பக்கத்தில் வந்து நின்றார். ஆட்டம் முடியும்போது நம் பக்கம் களத்தில் நிற்கிற ஐந்து பேரை ஜப்பான் அதிகாரி சயாம் ரயில் வேலைக்கு எழுதப் போகிறான், பலசாலியாகப் பார்க்கத்தான் இந்தப் பந்தயமே என்றார். வெளியே சொன்னால் தன் தலை போய்விடும் என்றும் சொன்னார்.

தம்பி, இருளப்பன் கோபக்காரன், கோபத்தில் எதிர்ப் பக்கத்துப் பையனை அடித்துவிட்டான் என்றுதான் இங்கே பேச்சு. எனக்குக் கோபமே வரவில்லை. மூன்று தப்பு ஆகியிருந்தது. நாலாவதை யோசித்துச் செய்தேன். பந்து அவன் கையில் இல்லாதபோதே நெஞ்சில் இடித்துத் தள்ளினேன். கிராணி ஊதினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்தேன், நீ உள்ளே போனாய். பார்த்து ஆடுடா என்று உன் முதுகில் தட்டி அனுப்பியவனும் நான்தான். அதே மூச்சில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அரிசி வந்தது. மூன்றாம் நாள் லாரியும் வந்தது. நாகரத்தினம், நீ, மற்ற மூன்று பேர். ஆறு பேர் குழுவில் நான் ஒருவன் மிச்சம். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இராசம்மா லாரிக்குப் பின்னால் ஓடினாள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த அரிசிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

காலையில் பெயர் கூப்பிடும்போது என் பெயருக்கு அடுத்தது உன்னுடையதுதானே. இப்போது கிராணி அதை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். ஆனால் என் காதில் விழுகிறது. போன வாரம் உன் பெயருக்கு நானே "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பனி இறங்குகிற நாட்களில் களத்துப் பக்கம் பந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தேன். யாருமில்லை, பந்தும் இல்லை. வேறு வழியாகத்தான் இப்போது வேலைக்குப் போகிறேன்.

நாகரத்தினத்தைப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி என்று சொல். இடித்து ஆடுவது ஒருவனைக் காப்பாற்றும், குழுவைக் காப்பாற்றாது.

இராசம்மா வந்துவிட்டாள். நான் சொன்னது இவ்வளவு இல்லையே அண்ணே, படிங்க என்கிறாள். என் பங்கைத் தாண்டிவிட்டுப் படித்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஏழு மாதமாக அப்படித்தான் தாண்டிக்கொண்டு இருக்கிறேன்.

படித்துவிட்டேன். ஒரு வரியும் விடவில்லை.

அவள் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். "கிழிக்க வேணாம். அவருக்கும் தெரியட்டும். கடைசியில வரச்சொல்லி எழுதுங்க" என்றாள். வாய்க்கு வாய் அண்ணே என்று கூப்பிடுகிறவள் இந்தத் தடவை கூப்பிடவில்லை.

அவள் சொன்னதை எழுதுகிறேன். வந்துவிடு தம்பி. கை போயிருந்தாலும் கால் போயிருந்தாலும் வந்துவிடு. வந்து என்னை என்ன வேண்டுமானாலும் செய், வாங்கிக்கொள்கிறேன். மாரியாத்தா உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உனக்குப் பதிலாக இங்கே இருக்கிற,
இருளப்பன்